மூட்டு மாற்றியபின் நடை கூடியதா? அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முழங்கால் மூட்டு மாற்று அறுவைசிகிச்சை முடிந்த பெரியவர்களிடம் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்வி: வலி குறைந்ததா, கால் எவ்வளவு மடங்குகிறது? மருத்துவமனைக் கோப்பிலும் பெரும்பாலும் அவைதான் இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை காலடி எடுத்து வைத்து நடக்கிறார் என்பது இருக்காது. இது பெரிய குறை. உடம்பில் கருவி கட்டி அளந்த பல ஆய்வுகளில், வலி நன்றாகக் குறைந்துவிட்ட ஆறாம் மாதத்திலும் அன்றாட நடை ஏறத்தாழ பழைய அளவிலேயே நின்றிருக்கிறது.

மூட்டு மாறினாலும் வலியோடு உட்கார்ந்தே பழகிய வழக்கம் மாறுவதில்லை. அறுவைக்குப் பின் முன்தொடைத் தசை இன்னும் பலவீனமாகிறது. மற்றொரு முழங்காலும் தேய்ந்திருக்கலாம். பெங்களூரு நடைபாதைகளில் விழுந்துவிடுவோமோ என்ற பயம் வேறு. "நீங்க உட்காருங்கம்மா, நான் எடுத்துத் தர்றேன்" என்ற வீட்டாரின் அன்பும் ஒரு காரணம்தான்.

நோயாளியிடம் கேட்டு நிரப்பும் கேள்வித்தாளில் இது வெளிப்படாது. அப்படி ஒன்றான ஆக்ஸ்ஃபோர்டு முழங்கால் மதிப்பீட்டில் 12 கேள்விகள், மொத்தம் 48 மதிப்பெண். மாடிப்படி இறங்க முடிகிறதா, தனியாகக் கடைக்குப் போய்வர முடிகிறதா என்று அது கேட்கும். முடியும் என்பவர் உண்மையில் போகிறாரா என்பது தெரியவராது. நம் ஊரில் கேள்வி கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ வர, பாட்டிக்குப் பதிலாக மகனே பதில் சொல்லிவிடுவதும் உண்டு.

அதனால் அடிகளை எண்ண வேண்டும். செல்போன் இதற்கு உதவாது. புடவையிலும் நைட்டியிலும் பை இல்லை. போன் அலமாரியில் இருக்க, அம்மா அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருப்பார். கைக்கடிகாரக் கருவி பரவாயில்லை, ஆனால் அது கை வீச்சை வைத்துத்தான் எண்ணுகிறது. வாக்கரைப் பிடித்த கை வீசாது, அடிகள் விடுபடும். சப்பாத்தி தேய்த்தாலும் பஜனையில் கைதட்டினாலும் நடக்காத அடிகள் சேரும். வாக்கரோடு நடக்கும் வாரங்களில் கருவியைக் கணுக்காலில் கட்டினால் கணக்கு உண்மைக்கு அருகில் வரும். கைத்தடி என்றால், அறுவை செய்த காலுக்கு எதிர்க்கையில் தடி, மற்ற கையில் கருவி. எங்கே கட்டினாலும் ஒருமுறை சோதியுங்கள்: வீட்டாரில் ஒருவர் 100 அடி வாய்விட்டு எண்ணட்டும். கருவி பத்துக்கு மேல் பிசகினால் இடத்தை மாற்றுங்கள்.

இன்னொரு ஏமாற்றம் மருத்துவர்களையும் தப்பவிடுவதில்லை. அறுவைக்கு முன் நொண்டி மெதுவாக நடக்கையில் கருவி பல அடிகளைத் தவறவிடும். பிறகு வேகம் கூடியதும் அதே தூரத்துக்கு அதிக அடி காட்டும். நடை கூடியதாகத் தோன்றும். கூடியது எண்ணும் திறன்தான். ஆகவே 100 அடிச் சோதனையை ஒவ்வொரு முறை அளக்கும்போதும் செய்ய வேண்டும்.

அளக்க வேண்டிய காலம்: அறுவைக்கு முன் ஒரு முழு வாரம், பிறகு 6 வாரம், 3 மாதம், 6 மாதம், 12 மாதம். பரிசோதனைக்காக மருத்துவமனைக்கு அலையும் வாரத்தை முதல் அளவாக எடுக்காதீர்கள். நாளொன்றுக்குப் பத்து மணி நேரமாவது கருவி உடம்பில் இருக்க வேண்டும். அப்படி நான்கு நாளாவது, அதில் ஒரு ஞாயிறும், தேறினால்தான் அந்த வாரம் கணக்கில் சேரும். ஐந்து மணி நேரம் கட்டிய நாளில் எண் குறைவது நடை குறைந்ததால் அல்ல. ஆறாம் வாரத்தில் முன்பைவிடக் குறைந்திருப்பது இயல்பு, மனம் தளர வேண்டாம். பிப்ரவரியில் எடுத்த முதல் அளவை ஆகஸ்ட் மாலை மழையில் எடுத்த அளவோடு ஒப்பிட்டுத் தீர்ப்பு சொல்வதும் தவறு. பருவம் ஒத்துவரும் பன்னிரண்டாம் மாத அளவே நம்பகமானது.

பத்தாயிரம் அடி என்ற இலக்கு 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியிலிருந்து பரவியது. மூட்டு மாற்றியவர்களுக்காக வகுத்ததல்ல. அறுவைக்கு முன் அளந்த அவரவர் வார எண்ணிலிருந்து படிப்படியாக ஏற்றுங்கள். மாலையில் முட்டி வீங்கி, மறுநாள் காலையிலும் வற்றாவிட்டால் முந்தைய அளவுக்கு இறங்குங்கள். அடிகள் திடீரெனக் குறைந்து கெண்டைக்காலும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம்; அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

மூட்டுப் பொருத்துகருவிகளுக்கு 2017-ல் மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்தபின் இச்சிகிச்சை பலருக்கு எட்டியிருக்கிறது. அதன் பலனை அளப்பதும் மருத்துவமனைகளின் பொறுப்பே. டிஸ்சார்ஜ் தாளில் கால் மடங்கும் கோணத்துக்குப் பக்கத்தில், அறுவைக்கு முந்தைய வாரத்தின் சராசரி அடி எண்ணிக்கைக்கும் ஒரு கட்டம் ஒதுக்குமாறு பெங்களூரு மருத்துவமனைகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முதியோர் மறுவாழ்வுப் பணியிலுள்ள பிசியோதெரபிஸ்டுகள்,
அல்சூர், பெங்களூரு.