சமையற்கூடத் திருப்பணி நிறைவு அறிக்கை

பாடசாலை அபிவிருத்திச் சங்க உறுப்பினர்களுக்கும் எல்லாப் பெற்றோருக்கும் வணக்கம்.

பிள்ளைகளின் சாப்பாட்டுக்கான சமையற்கூடம் கட்டி முடிந்துவிட்டது. ஆனி மாதக் கடைசி வெள்ளியன்று புது அடுப்பில் பால் பொங்கவைத்தோம். அன்றைக்கே சோறும் பருப்பும் கீரைச் சுண்டலும் அங்கேதான் சமைத்தோம்.

இதுவரை அம்மாமார் சமைத்தது கிடுகுக் கொட்டிலில். மாரி காலத்தில் விறகு நனைந்துவிடும், அடுப்பு மூட்டுவதற்குள் கண் எரிந்து தண்ணீர் கொட்டும். விடியுமுன் வீட்டிலேயே சமைத்து, பானையைச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு வந்த தாய்மாரும் உண்டு. முதற்கூட்டத்தில் ஒரு அம்மம்மா எழும்பி, "கோவிலுக்கு மடைப்பள்ளி கட்டினா திருப்பணி. புள்ளைகளுக்குக் கட்டினா இல்லையா மனே?" என்று கேட்டார். அதற்குப் பிறகு இந்த வேலைக்கு நாங்கள் வேறு பெயர் தேடவில்லை.

வழக்கமாக இப்படியான அறிக்கையின் கடைசியில் யார் எவ்வளவு தந்தார் என்ற பட்டியல் வரும். இதில் அது இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறோம். முன்பு வேலிக்குக் காசு சேர்த்தபோது பெயரையும் தொகையையும் பலகையில் எழுதி வாசலில் மாட்டினோம். மாட்டியது எங்கள் குழுதான். அதில் பெயர் இல்லாத ஒரு தாய் அதன்பிறகு கூட்டத்துக்கு வரவேயில்லை. பிள்ளையைப் படலையடியில் விட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடுவார். அவருடைய மகள் அந்தப் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்து, "அம்மா, உங்கட பேர் எங்க?" என்று கேட்டிருக்கிறாள். எங்களுக்கு இது தெரியவந்தபோது நாள் நிறையக் கடந்துவிட்டது. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவருடைய சம்மதத்தோடுதான் இங்கே எழுதுகிறோம். எல்லார் முன்னிலையிலும் மறுபடி மன்னிப்புக் கேட்கிறோம். பலகையைக் கழற்றியாகிவிட்டது.

இந்த முறை ஒரு சி.ஆர். கொப்பி மட்டும் வைத்தோம். வந்தவர் பெயரையும் அன்று செய்த வேலையையும் தானே எழுதினார். எழுதக் கூச்சப்பட்டவர்களுக்குப் பிள்ளைகள் எழுதினார்கள். மண் சுமந்தவருக்கும், தேநீர் ஊற்றியவருக்கும், கட்டாரிலிருந்து காசு அனுப்பிய அப்பாவுக்கும் ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு வரிதான், தொகை எழுதவில்லை. வரவு செலவுக் கணக்கு பற்றுச்சீட்டுகளோடு அதிபரின் அலுவலகத்தில் இருக்கிறது, உறுப்பினர் யாரும் கேட்டுப் பார்க்கலாம்.

வேலையைப் பற்றிச் சொல்வதென்றால் அத்திவாரத்திலிருந்து தொடங்க வேண்டும். வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி கிடைத்து, பெரும்போக அறுவடையும் முடிந்த கையோடு கயிறு பிடித்தோம். தரைமட்டம் போட்டு இரண்டு வரிசைக் கல்லும் வைத்தாயிற்று. அப்போது பேரப்பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு பெரியவர் எங்களைப் பழைய வகுப்பறைச் சுவரடிக்கு அழைத்துப் போனார். 2011 தை மாத வெள்ளம் நின்ற கோடு அந்தச் சுவரில் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. எங்கள் தரை அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தது. இத்தனை வருடமாக அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே கூட்டம் நடத்தியிருக்கிறோம், ஒருவருக்கும் தோன்றவில்லை. சரி, பிரித்தோம். தரையைக் கோட்டுக்கு மேலே உயர்த்தி மறுபடி கட்டினோம். இரண்டு சனிக்கிழமை வேலை வீணாயிற்று, ஆனால் அந்த ஐயா அன்று சொல்லாவிட்டால் அடுத்த பெருவெள்ளத்தில் அரிசி மூட்டை மிதந்திருக்கும்.

மேசன் வேலை தெரிந்த அப்பாமார் இருவர் இருந்தார்கள். கூலி வாங்கவில்லை. மற்ற ஆண்கள் பலர் வயலிலும் வெளிநாட்டிலும் இருந்ததால் கல் எடுத்துக் கொடுத்ததும் சாந்து குழைத்ததும் பெரும்பாலும் அம்மாமார்தான். பூச்சு வேலையில் ஒரு சுவர் முழுக்க அவர்களே செய்தது. தூக்குக்குண்டு வைத்துப் பார்த்த மேசன் அண்ணன் ஒரு இடத்திலும் கை வைக்கவில்லை. சீமெந்துச் சுவர் உறுதிப்பட ஒரு வாரமாவது ஈரம் காயக்கூடாது. அதற்கு முறை போட்டு, பிள்ளையை விடவரும் நேரத்தில் ஆளுக்கு நாலு வாளி ஊற்றினார்கள். படலையோடு திரும்பியவர்கள் உள்ளே வரத் தொடங்கியது அந்த நாலு வாளித் தண்ணீரால்தான் என்று நாங்கள் நினைக்கிறோம். வாளியோடு நின்றபடி ஒருவரோடொருவர் பேசினார்கள், அப்புறம் வகுப்பு ஆசிரியரோடும் பேசினார்கள். மேலே சொன்ன அந்தத் தாயும் வந்தார். கொப்பியில் அவருடைய மகளின் கையெழுத்தில் பதினொரு வரி இருக்கிறது.

சீமெந்தும் கம்பியும் காத்தான்குடி ஹாட்வெயார் கடை ஒன்றிலிருந்து வந்தன. காசு முழுதாகச் சேராத நேரம் முதலாளி கடனுக்கே ஏற்றிவிட்டார், ஒரு கையெழுத்துக்கூடக் கேட்கவில்லை. கடன் தீர்ந்துவிட்டது. பாதை என்ற மிதவைப் படகில் ஏற்றி மட்டக்களப்பு வாவியைக் கடந்த காலத்தில் இத்தனை சாமானுக்கு எத்தனை நாள் போயிருக்கும்! 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தால் ஒரே லோட்டில் எல்லாம் வந்து இறங்கின.

சித்திரை விதைப்புக்கும் வைகாசியில் கண்ணகியம்மன் சடங்குக்கும் வேலை நின்றது. அதைத் தாமதம் என்று நாங்கள் கணக்கெடுக்கவில்லை.

கிணறும் இறைத்தாயிற்று, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் இட்டார். கை கழுவும் குழாய்களை முதலாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் வைத்திருக்கிறோம். அந்தத் தண்ணீர் வாய்க்காலால் வாழைக்குப் போகிறது.

குறை ஒன்று இருக்கிறது. கூரைக்குப் பீலி போடவில்லை. மாரிக்கு முன் போடாவிட்டால் கூரைத் தண்ணீர் அத்திவாரத்தடியை அரித்துவிடும். புரட்டாசி முதற் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்த வேலை. ஏணி உள்ளவர்கள் கொண்டுவாருங்கள். கொப்பியில் இன்னும் தாள் இருக்கிறது.

திருப்பணிக் குழு