படகுத்துறைச் சாய்தளத்தை வேறிடத்தில் முறையாக அமைத்துத் தரக் கோரும் மனு

பெறுநர்: உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்

அனுப்புநர்: ஆற்றுப் படகோட்டிகள் மற்றும் மீன்பிடிப்போர்

பொருள்: ஆற்று வளைவின் உட்கரையில் கட்டப்பட்ட சாய்தளம் (வண்டியில் வைத்துப் படகை ஆற்றில் இறக்கும் காங்கிரீட் சரிவு) சேறு மூடிக் கிடப்பது – மாற்று இடத்தில் புதிய சாய்தளம் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். இதே பொருளில் ஏற்கெனவே கொடுத்த மனுக்களுக்கு இதுவரை பதில் இல்லை. ஒப்புகைச் சீட்டுகள் மட்டும் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. தாங்கள் நன்கறிந்த இடம் என்பதால் வழியும் அடையாளமும் எழுதவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

1. ஆறு வளையும் இடத்தில் வெளிக்கரையில் நீர் வேகமாக மோதி மண்ணை அரிக்கும். உட்கரையில் வேகம் குறைவதால், அடித்து வந்த மணலையும் வண்டலையும் அங்கே போட்டுவிட்டுப் போகும். இது தங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் நம் சாய்தளம் உட்கரையில்தான் இருக்கிறது. சாலை அருகில் இருக்கிறது, வண்டி திரும்ப இடம் இருக்கிறது என்று பார்த்தவர்கள் ஆற்றைப் பார்க்கவில்லை.

2. சரிவில் குறை சொல்ல மாட்டோம். நூறு அடிக்கு 12 முதல் 15 அடி வரை இறங்குவது படகு வண்டிக்கு ஏற்ற சரிவு; அது சரியாகவே வந்திருக்கிறது. ஆனால் காங்கிரீட்டை மொழுமொழுவென்று பூசிவிட்டார்கள். குறுக்கே வரிப்பள்ளம் போடாததால் பாசி பிடித்ததும் காலும் நிற்பதில்லை, சக்கரமும் நிற்பதில்லை.

3. எங்களை உண்மையில் வதைப்பது சேறுதான். சாய்தளத்தின் அடிமுனை, நீர் மிகவும் வற்றும் காலத்து மட்டத்துக்கும் கீழே மூன்று நான்கு அடியாவது போயிருக்க வேண்டும். இங்கே அதற்கு மேலேயே முடிந்துவிட்டது. நீர் இறங்கிய மாதங்களில் காங்கிரீட் முடியும் இடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே முழங்கால் அளவு சேறு. இரண்டு பேர் முன்னால் கயிற்றை இழுக்க, பின்னால் தோள் கொடுத்துத் தள்ள வேண்டும். ஒரு காலைப் பிடுங்கினால் மறு கால் புதையும். செருப்பு உள்ளேயே போய்விடும். படகின் அடிப்பலகை சேற்றில் ஒட்டிக்கொண்டால் அசைத்து அசைத்துத்தான் கிளப்ப முடியும். இன்ஜினைக் கழற்றித் தனியாகத் தோளில் சுமக்கிறோம். மாட்டியபடியே ஓட்டிப் பார்த்தவர்களின் விசிறியில் சேறு சுற்றி நின்றுபோனதுதான் மிச்சம். திரும்பி வரும்போது மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அதே சேற்றில் ஏற வேண்டும். அக்கரையிலிருந்து வருகிற வயதானவர்களை முதுகில் தூக்கி இறக்குகிறோம். இது போதாதென்று காங்கிரீட்டின் கடைசி விளிம்புக்கு அடியில் மண் கரைந்து பொந்தாகிவிட்டது. படகு வண்டியின் சக்கரம் அந்த விளிம்பைத் தாண்டி விழுந்தால் அச்சு போச்சு. அடியில் துணி விரிப்பு போட்டுக் கல் அடுக்கியிருந்தால் அரித்திருக்காது. யார் கேட்பது?

4. "தூர் வாரித் தருகிறோம்" என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். அய்யா, வாரினார்கள். அடுத்த வெள்ளத்தில் ஆறு திரும்பவும் நிரப்பிவிட்டது. உட்கரையில் எத்தனை முறை வாரினாலும் ஆறு தன் வேலையைச் செய்யத்தான் செய்யும். ஒவ்வொரு வருடமும் வாரிக்கொண்டே இருப்பதுதான் திட்டமா? அந்தச் செலவில் ஒரே தடவையாக நல்ல இடத்தில் கட்டக் கூடாதா? இதைக் கேட்பது தவறென்றால் மன்னியுங்கள், ஆனால் கேட்காமலும் இருக்க முடியவில்லை.

5. இடம் நாங்களே பார்த்து வைத்திருக்கிறோம். வளைவுக்கு மேலே, அதாவது நீர் வரும் பக்கம், ஆறு நேராக ஓடும் பகுதியில் கரை கெட்டியான சரளை. சுழல் கிடையாது, அருகில் தடுப்பணையோ பாலத் தூணோ இல்லை. நீர் வற்றினாலும் கரையோரம் ஆழம் இருக்கிறது. அங்கே சாய்தளத்தை ஆற்றுக்கு நேர் குறுக்காக வைக்காமல், நீர் போகும் திசையில் சற்றுச் சாய்த்து அமைத்தால் இறக்கும் படகை நீரோட்டம் பக்கவாட்டில் அடித்துத் தள்ளாது, வண்டலும் குறைவாகவே தங்கும். பக்கத்தில் துடுப்புப் படகுகளுக்கு அகலமான நாலு படி போதும். அப்புறம், நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவை மேடை ஒன்று இருந்தால் வயதானவர்களைத் தூக்க வேண்டியிருக்காது. அது பிறகு வந்தாலும் சரி. சாய்தளம் முதலில் வரட்டும்.

6. வெள்ளம் வடிந்த மறுநாள் ஆறு நிறைந்திருக்கும்போது வந்து பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். போன தடவை ஆய்வுக்கு வந்தவர்கள் அப்படித்தான் பார்த்துவிட்டு, "குறை ஒன்றுமில்லை" என்று எழுதிப் போனார்கள். தயவுசெய்து நீர் வற்றியிருக்கும்போது வாருங்கள். ஒரு படகு இறங்கும்வரை நின்று பாருங்கள்.

ஆகவே அய்யா, மேற்சொன்ன நேர் பகுதியை ஆய்வு செய்து, மிகக் குறைந்த நீர்மட்டத்தை அளந்து, அதற்குக் கீழ்வரை நீளும் சாய்தளம் அமைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். முடியாது என்றால் அதையாவது காரணத்தோடு எழுத்தில் தாருங்கள். பதிலே இல்லாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். அதுவரை இப்போதுள்ள தளத்தின் விளிம்பில் பொந்தை அடைத்துக் கல்லாவது போட்டுக் கொடுக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆற்றுப் படகோட்டிகள் மற்றும் மீன்பிடிப்போர்

இணைப்பு: முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள், நீர் வற்றிய காலத்துப் புகைப்படங்கள்