மாடிவீட்டு லோலாவும் உன் பிரஷரும்

அன்புள்ள அம்மாவுக்கு,

போன தடவை வீட்டுக்காரங்க எப்படி என்று கேட்டாய், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒன்றும் சொல்லவில்லை. டேலி சிட்டி சான்பிரான்சிஸ்கோவை ஒட்டிய ஊர், பாதி நாள் மூடுபனி, தெருவுக்குத் தெரு பிலிப்பைன்ஸ்காரர்கள். நான் இருப்பதும் அவர்கள் வீட்டில்தான், கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் ஒரு அறை. மேலே தாத்தாவும் பாட்டியும். லோலோ, லோலா என்று அவர்கள் பாஷையிலேயே கூப்பிடுகிறேன்.

லோலாவுக்கு 78 வயது. 1965-ல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தை மாற்றிய பிறகு பிலிப்பைன்ஸிலிருந்து நர்ஸுகள் நிறைய வந்தார்கள், இவரும் அப்படி வந்தவர்தான். முப்பது வருஷம் அடுத்தவர்களுக்கு பிரஷர் பார்த்த கை, அதே கைதான் இன்றைக்கும் குழம்பில் பத்தீஸைச் சளசளவென்று ஊற்றுகிறது! மீனை உப்பில் போட்டு மாசக்கணக்கில் ஊறவைத்து வடிக்கிற சாறு அது. ஒரு மேசைக்கரண்டியிலேயே சுமார் 1400 மில்லிகிராம் சோடியம். நாள் முழுக்கவே 2300-ஐத் தாண்டாதீர்கள் என்கிறது அமெரிக்க இதயச் சங்கம். இது போக, காலையில் பூண்டு தாளித்த பழைய சோறு, தொட்டுக்கொள்ள துயோ என்று ஒரு கருவாடு, இல்லாவிட்டால் டப்பாவில் வரும் ஸ்பாம் இறைச்சி.

லோலோவுக்குப் போன வருஷம் இதய ரத்தக்குழாயில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். ஆள் நம்ம அப்பா மாதிரி ஒல்லி, அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒல்லி என்று நம்பி இருந்துவிடக் கூடாது. மற்றவர்களுக்கு உடல் எடைக் குறியீடு (உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் எண், BMI) 25 என்றால், ஆசியக்காரர்களுக்கு 23-லேயே, இதயத்தையும் கெடுக்கும் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று சோதிப்பதைப் பற்றி யோசியுங்கள் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015-லேயே சொல்லிவிட்டது. அப்பாவிடம் இதைச் சொல்லு, நான் சொன்னால் சிரிப்பார்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் ஓட்ஸ், சாலட், அவித்த கோழி. அது ஃப்ரிட்ஜ் கதவில் பத்திரமாகத் தொங்குகிறது, அவ்வளவுதான். சோறும் புளிப்பும் இல்லாமல் அது சாப்பாடே இல்லை அவர்களுக்கு. எனக்கு அதில் கோபம் வரவில்லை அம்மா, அந்தத் தாளை எழுதியவர் இவர்கள் வீட்டு அடுப்படியை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

சினிகாங் என்று ஒரு குழம்பு, புளிதான் அதற்கு உயிர். ஆனால் லோலா போடுவது பாக்கெட் பொடி, அதில் உப்பு அதிகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் நிஜப் புளியைக் கரைத்துக் கொடுத்தேன், சின்ன வயசில் அவர் அம்மா வைத்த ருசி என்று இரண்டு தடவை ஊற்றிக் குடித்தார். இப்போது பாக்கெட் வாங்குவதில்லை. தொட்டுக்கொள்ள பத்தீஸில் பாதிக்குப் பாதி கலமான்சி சாறு பிழிந்துவிடுகிறார், நம்ம எலுமிச்சைக்குத் தங்கச்சி அது. கோழிச் சாற்றில் முருங்கைக் கீரை போடுகிறார்கள், பேர் மலுங்கை! கேட்டதும் எனக்கு நம்ம கொல்லை ஞாபகம் வந்துவிட்டது.

கருவாட்டை மட்டும் விட மாட்டாராம். சரி, வாரத்துக்கு ஒரு நாள் என்று பேசி முடித்திருக்கிறோம்.

இன்னொன்று, இவர்களுக்கு 'ஹைபிளட்' என்றால் நோயும் அதுதான், கோபமும் அதுதான். நீ எங்களை 'பிரஷரை ஏத்தாதீங்க' என்று திட்டுவதைச் சொன்னேன், லோலா விழுந்து விழுந்து சிரித்தார்.

அப்புறம், ஊறுகாய் ஜாடியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று தம்பி சொல்லிவிட்டான். இந்த வாரம் பிரஷர் பார்த்துவிட்டு, நம்பரை அவனை அனுப்பச் சொல்லு.

உன் மகள்