பேட்ரிக் தினத்தில் பேட்ரிக் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

அயர்லாந்தின் பேட்ரிக் தினத்தைப் பற்றி உங்கள் இதழில் வந்த படக்கட்டுரையைப் பார்த்தேன். சிகாகோவில் ஆற்றுக்கே பச்சை நிறம் ஏற்றுவது, டப்ளின் ஊர்வலம், பச்சைத் தொப்பி, பீர் கோப்பை எல்லாம் அழகாக வந்திருக்கின்றன. ஆனால் அந்தப் பேட்ரிக் யார், எதற்காக அவர் பெயரில் ஒரு நாள் என்று ஒரு வரிகூட இல்லை. ஐந்தாம் நூற்றாண்டில் அயர்லாந்தில் சுவிசேஷம் அறிவித்த பேராயர் அவர். அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் டப்ளினில் குடியிருக்கும் திருநெல்வேலிக் குடும்பம். நான் புராட்டஸ்டன்ட் சபையான சி.எஸ்.ஐ., என் கணவர் ரோமன் கத்தோலிக்கர். பேட்ரிக் தினமான மார்ச் 17 எங்கள் வீட்டில் முதலில் ஜெப நாள், அப்புறம்தான் விடுமுறை. இதைச் சொன்னால் ஊரில் என் பக்கத்துச் சொந்தக்காரர்கள் சிலர், "அது கத்தோலிக்கருடைய பண்டிகை ஆச்சே, அதிலும் குடிக்கிற பண்டிகை ஆச்சே" என்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. இங்கே 1927இல் வந்த சட்டப்படி அந்த நாளில் மதுக்கடைகளைத் திறக்கவே கூடாது, 1960 வாக்கில்தான் அதைத் தளர்த்தினார்கள். சிகாகோ ஆற்றில் சாயம் கலக்க ஆரம்பித்ததே 1962இல்தான். இது சபையின் நாள். 2008இல் மார்ச் 17 ஈஸ்டருக்கு முந்தின பரிசுத்த வாரத்துத் திங்கட்கிழமையாக வந்துவிட்டதால், அயர்லாந்தின் கத்தோலிக்க ஆயர்கள் திருநாளை இரண்டு நாள் முன்னதாக 15ஆம் தேதிக்கு மாற்றி வைத்தார்கள். கத்தோலிக்கருக்கு மட்டும் உரிய நாள் என்று சொல்கிறவர்கள் ஆர்மா நகரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். எதிரெதிர் குன்றுகளில் இரண்டு பேராலயங்கள், ஒன்று ஆங்கிலிக்கன் சபையினுடையது, மற்றது கத்தோலிக்கருடையது, இரண்டுக்கும் பெயர் புனித பேட்ரிக் பேராலயம்தான்! எங்கள் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான புனிதர் கிடைப்பாரா?

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்த நாளைக் கொண்டாட நினைக்கிற கிறிஸ்தவப் பெற்றோர் பாம்பிலும் இலையிலும் ஆரம்பிக்காதீர்கள், அவர் கைப்பட எழுதியதிலிருந்து ஆரம்பியுங்கள். பேட்ரிக் பாம்புகளை விரட்டினார் என்று பிள்ளைகள் பள்ளியில் கேட்டுவிட்டு வருவார்கள், ஆனால் பனியுகம் முடிந்ததிலிருந்து இந்தத் தீவில் பாம்பே கிடையாது. மூவிலைச் செடியைக் காட்டித் திரித்துவத்தை, அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்பதை, விளக்கினார் என்ற கதை அவர் எழுத்தில் எங்கும் இல்லை, பதினெட்டாம் நூற்றாண்டில்தான் எழுத்தில் வருகிறது. அந்த இலையைச் சட்டையில் குத்திக்கொள்ளட்டும், தப்பில்லை, என் மகளும் குத்திக்கொள்கிறாள்.

அவர் எழுதியதாக இரண்டு எழுத்துகள் இன்றும் இருக்கின்றன. ஒன்று 'கன்ஃபெசியோ' என்ற, தன் விசுவாச வாழ்க்கையைச் சொல்லும் அவருடைய சாட்சி. "பேட்ரிக் என்னும் பாவியாகிய நான்" என்றுதான் அது தொடங்குகிறது. அவர் அயர்லாந்துக்காரரே அல்ல, ரோமர் ஆண்ட பிரிட்டனில் பிறந்தவர். அப்பா டீக்கன் (சபையின் உதவி ஊழியர்), தாத்தா குருவானவர், ஆனாலும் தனக்கு அப்போது மெய்யான தேவனைத் தெரியாது என்று ஒளிக்காமல் சொல்கிறார். பதினாறு வயது ஆகும்போது கொள்ளைக்காரர்கள் பிடித்துக்கொண்டுபோய் அயர்லாந்தில் அடிமையாக்கினார்கள். ஆறு வருடம் மந்தை மேய்த்தார். பனியிலும் மழையிலும் விடியும் முன்னே எழுந்து ஜெபித்தாராம், பகலில் நூறு ஜெபம், இரவிலும் ஏறக்குறைய அவ்வளவு. பிறகு தப்பித்து, இருநூறு மைல் நடந்து கப்பல் ஏறி, எப்படியோ வீடு போய்ச் சேர்ந்தார். அம்மா அப்பா, இனிமேல் எங்களை விட்டு எங்கேயும் போகாதே என்று கெஞ்சுகிறார்கள். அந்த நேரத்தில் ஒரு கனவு: அயர்லாந்திலிருந்து ஒருவர் கட்டுக் கட்டாகக் கடிதங்களோடு வருகிறார், திரும்ப வந்து எங்கள் நடுவே நடந்துபோ என்று அந்த ஜனங்கள் கூப்பிடும் குரல் கேட்கிறது. தன்னை அடிமையாக வைத்திருந்த அதே ஜனங்கள்! அவர் போனார். சொந்த ஊரையும் சொந்தக்காரரையும் பார்க்க ஆசைதான், ஆனால் ஆவியானவர் என்னைக் கட்டி வைத்திருக்கிறார் என்று எழுதுகிறார். இந்த இடத்தை என் மகன் ஒவ்வொரு வருடமும் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்பான்.

இரண்டாவது எழுத்து கொரோட்டிகஸ் என்ற தலைவனின் படைவீரர்களுக்கு எழுதிய கடிதம். ஞானஸ்நானம் பெற்று வெள்ளை உடையைக்கூடக் களையாத விசுவாசிகளில் சிலரை அவர்கள் வெட்டிப்போட்டு, மற்றவர்களை அடிமையாக விற்கக் கொண்டுபோய்விட்டார்கள். பிடித்துப்போனவர்களை விட்டுவிடும்படி பேட்ரிக் ஒரு குருவானவரை அனுப்பினால், சிரித்து அனுப்பிவிட்டார்கள். கொரோட்டிகஸும் கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொள்கிறவன்தான், ஆனாலும் பேட்ரிக் விடவில்லை, இவர்களோடு உட்கார்ந்து சாப்பிடக்கூடாது, இவர்கள் தரும் காணிக்கையை வாங்கக்கூடாது என்று எழுதிவிட்டார். ஐந்தாம் நூற்றாண்டில் ஒரு பேராயர் ஆள்கடத்தலுக்கு எதிராக இவ்வளவு கோபமாக எழுதியிருக்கிறார் என்பது வளர்ந்த பிள்ளைகளுக்குக் கட்டாயம் தெரிய வேண்டும்.

எங்கள் வீட்டில் இதையெல்லாம் எப்படிச் செய்கிறோம் என்றும் சொல்லிவிடுகிறேன். காலையில் ஆராதனை. வந்ததும் பிள்ளைகளோடு சேர்ந்து சோடா ரொட்டி சுடுவோம். மைதா, ஆப்பசோடா, உப்பு, இங்கே பெட்டியில் கிடைக்கும் புளித்த மோர், அவ்வளவுதான், ஈஸ்ட் வேண்டாம். பரோட்டா மாவு மாதிரி அடித்துப் பிசைந்தால் கெட்டுப்போகும், விரல்களை விரித்து ஒரு சுற்றுச் சுற்றி, கையில் ஒட்டுகிற பதத்திலேயே உருட்டித் தட்டி வைக்க வேண்டும். மேலே கத்தியால் ஆழமாக ஒரு சிலுவைக் கீறல். நடுவில் மாவு வேகவும் அது உதவும், அதைவிடப் பிள்ளைகளுக்கு அந்தக் கீறல் போடுவதில்தான் போட்டி. வெந்ததும் திருப்பிப் போட்டு அடியில் தட்டினால் டொக் டொக்கென்று சத்தம் வரும். தொட்டுக்கொள்ள வெண்ணெய், பக்கத்தில் முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் மசித்த கோல்கேனன். ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாள்களான லெந்து காலத்துக்கு நடுவே வருகிற திருநாள் என்பதால் அன்றைக்கு மட்டும் ஒருசந்தி நோன்பைத் தளர்த்தும் வழக்கம் இங்கே பழையது, எங்களுக்கும் அப்படியே.

சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் சாட்சியின் ஒரு பகுதியைப் படிப்போம், நான் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்வேன். முடிவில் பேட்ரிக்கின் மார்க்கவசம் என்கிற ஜெபம்: கிறிஸ்து என்னோடு, கிறிஸ்து எனக்கு முன்னே, கிறிஸ்து எனக்குப் பின்னே. அவர் பெயரில் வழங்கினாலும் அந்த நடை அவர் காலத்துக்குப் பிந்தியது என்கிறார்கள். இருக்கட்டும், ஜெபம் நல்ல ஜெபம், சின்னவளுக்கே மனப்பாடம்.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியாது. பேட்ரிக்கை அடக்கம் செய்த இடம் என்று காட்டுகிற டவுன்பேட்ரிக், வட அயர்லாந்தின் டவுன் என்ற கவுண்டியில் (மாவட்டத்தில்) இருக்கிறது. அதே கவுண்டியில் மில்லைல் என்ற கடலோரக் கிராமத்தில் 1867இல் பிறந்தவர்தான் எங்கள் ஊர்ப்பக்கம் டோனாவூரில் பிள்ளைகளெல்லாம் அம்மா என்று கூப்பிட்ட மிஷனெரி ஏமி கார்மைக்கேல். 1895இல் இந்தியாவுக்கு வந்தவர் ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பாமல், 1951இல் டோனாவூரிலேயே கண்மூடினார். பேட்ரிக் கதைக்குப் பிறகு அவர் கதையையும் சொன்னால், இந்தத் திருநாளில் நமக்கு என்ன பங்கு என்று பிள்ளைகள் கேட்கவே மாட்டார்கள்.

'கன்ஃபெசியோ' முழுவதையும் பழைய கையெழுத்துப் பிரதிகளின் படங்களோடும் மொழிபெயர்ப்புகளோடும் ராயல் ஐரிஷ் அகாடமி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பெரிய நூலும் அல்ல, ஒரே மூச்சில் படித்துவிடலாம். அடுத்த மார்ச் இதழில் பச்சைத் தொப்பிப் படங்களுக்குப் பக்கத்தில், அந்தக் கனவு வரும் பகுதியை மட்டுமாவது நல்ல தமிழில் வெளியிடுங்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் நானே செய்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
டப்ளின்