காலாவதித் தேதிக்கு முன்பே பயனற்றுப்போகும் கடவுச்சீட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக் காலம் நெருங்கும்போது வெளிநாட்டுச் சுற்றுலா விளம்பரங்கள் நாளிதழ்களில் பக்கம் பக்கமாக வருகின்றன. எத்தனை இரவுகள் தங்கல், எந்த வகை உணவு, விசா வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். பயணம் செய்பவரின் கடவுச்சீட்டு இன்னும் எத்தனை மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும் என்பது மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த விவரத்தைப் பெட்டிகளோடு விமான நிலையக் கவுன்ட்டரில் நிற்கும்போதுதான் பலர் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்கள் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

‘இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றனவே, போய்வரப் பத்து நாள்தானே ஆகும்’ என்று நினைப்பதில் தவறு காண முடியாது. ஆனால் பல நாடுகள் பார்ப்பது காலாவதிக்கு முன் மிஞ்சியிருக்கும் காலத்தை. வந்தவர் நோயுற்று மருத்துவமனையில் கிடக்க நேரலாம், விமானங்கள் நின்றுபோகலாம். அப்போது அவரைத் திருப்பி அனுப்பச் செல்லுபடியாகும் ஆவணம் ஒன்று இருந்தாக வேண்டும். 2020 மார்ச்சில் எல்லைகள் மூடப்பட்டபோது, சில நாள் பயணமாகச் சென்றவர்கள் மாதக்கணக்கில் அந்நிய மண்ணில் சிக்கியிருந்ததைப் பார்த்த பிறகு இந்த விதியை வெறும் கெடுபிடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிக்கல் என்னவென்றால், விதி நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதும் வேறுபடுகிறது. இந்தோனேசியா வந்திறங்கும் நாளிலிருந்து ஆறு மாதங்கள் கேட்கிறது. தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியோ, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து குறுகிய காலப் பயணமாக வருபவர் அங்கிருந்து வெளியேறத் திட்டமிட்டுள்ள நாளுக்குப் பிறகு மூன்று மாதங்கள் வேண்டும் என்கிறது. பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் தங்கும் காலம் முழுவதும் செல்லுபடியானால் போதும். அமெரிக்கா பொது விதியாக, தங்க அனுமதித்த காலத்துக்கு மேல் ஆறு மாதங்கள் கேட்டாலும், தன்னோடு உடன்பாடு கொண்ட பல நாடுகளின் கடவுச்சீட்டுகளுக்கு அந்த ஆறு மாதங்களை விட்டுக்கொடுக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மாதங்கள் மிச்சமிருந்த கடவுச்சீட்டோடு போய்வந்தார் என்பது, வேறு ஊருக்குப் புறப்படும் நமக்கு எந்த உத்தரவாதமும் ஆகாது.

நாள் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. பிப்ரவரி 20இல் காலாவதியாகும் கடவுச்சீட்டை வைத்திருப்பவர், ஆறு மாதங்கள் கேட்கும் நாட்டுக்கு ஆகஸ்ட் 20ஆம் தேதி இரவு விமானத்தைப் பதிவு செய்கிறார். புறப்படும் தேதியை வைத்துப் பார்த்தால் கணக்குச் சரியாக இருக்கிறது. விமானம் தரையிறங்கும்போதோ தேதி 21 ஆகிவிடுகிறது, ஒரு நாள் குறைகிறது. வழியில் வேறொரு நாட்டில் விமானம் மாறுபவர்கள், குறிப்பாக இரண்டு பயணங்களுக்கும் தனித்தனியாகச் சீட்டு வாங்கியவர்கள், இடையில் பெட்டியை எடுக்கக் குடிவரவைக் கடக்க நேர்ந்தால், அந்த நாட்டின் விதிக்கும் உட்பட வேண்டியிருக்கும்.

அச்சிட்ட தேதியையாவது நம்பலாமா என்றால், அதையும் முழுமையாக நம்ப முடியாது. பிரிட்டனில் 2018 செப்டம்பர் வரை, பழைய கடவுச்சீட்டில் மிஞ்சியிருந்த மாதங்களில் ஒன்பது வரை புதியதன் பத்து ஆண்டுகளுக்கு மேல் சேர்த்து வழங்கி வந்தார்கள். ஷெங்கன் விதியோ, கடவுச்சீட்டு கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும் என்று தனியாக ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. 2021இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் பிரிட்டனுக்குப் பொருந்தாமல் போனதும், காலாவதித் தேதி இன்னும் வராத கடவுச்சீட்டுகளை வைத்திருந்தவர்களும் இந்த நிபந்தனையில் அகப்பட்டார்கள். ஆகவே வழங்கிய தேதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கவுன்ட்டரில் இருக்கும் ஊழியரைக் கோபித்துப் பயனில்லை. தகுந்த ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் அவரைத் திருப்பி அழைத்து வரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழும். பல நாடுகள் அபராதமும் விதிக்கின்றன. அதனால் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் நடத்தும் ‘டிமாட்டிக்’ என்ற தகவல் தொகுப்பில் நாட்டு வாரியாக விதியைப் பார்த்துவிட்டே ஏற்றுகிறார்கள். மறுக்கப்பட்டவருக்கு நட்ட ஈடு கிடைப்பதும் அரிது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு விமானப் பயணிகள் ஒழுங்குவிதி, ஆவணக் குறைபாட்டால் நிறுத்தப்பட்டவரை அந்தப் பாதுகாப்புக்கு வெளியே வைத்திருக்கிறது. விமான நிறுவனத்தின் முடிவே இறுதியானது அல்ல, அதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2020இல் சொல்லியிருக்கிறது என்பது ஓர் ஆறுதல். ஆனால் விடுமுறை அதற்குள் போய்விடும்.

எனது ஆட்சேபம் கவுன்ட்டரைப் பற்றியது அல்ல, காலத்தைப் பற்றியது. கடவுச்சீட்டில் படம் உள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள் எழுத்தும் எண்ணுமாக ஓடுகின்றன அல்லவா? இரண்டாவது வரியில் பாலினத்தைக் குறிக்கும் எழுத்தை அடுத்து வரும் ஆறு இலக்கங்கள், ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், காலாவதித் தேதியைத்தான் சொல்கின்றன. எந்தக் கணினியும் நொடியில் படித்துவிடும். இணையத்தில் சீட்டுப் பதிவு செய்யும்போது பல தளங்கள் இந்தத் தேதியை நம்மையே தட்டச்சு செய்யச் சொல்கின்றன. போகும் ஊரும் திரும்பும் நாளும் அவர்களிடம் ஏற்கெனவே உள்ளன. பணம் வாங்குவதற்கு முன்பே, ‘இந்தக் கடவுச்சீட்டில் இந்த நாட்டுக்கு மாதங்கள் போதவில்லை’ என்று ஒரு வரி காட்டுவதில் என்ன தடை? காப்பீடு வாங்கச் சொல்லியும், ஜன்னல் இருக்கைக்குக் கூடுதல் கட்டணம் கேட்டும் எத்தனை முறை குறுக்கிட்டு நினைவூட்டுகிறார்கள்!

முன்கூட்டியே தெரிந்தால் செய்ய வேண்டியவற்றை வரிசை தவறாமல் செய்ய முடியும். மின்னணுப் பயண அனுமதிகள் பல கடவுச்சீட்டின் எண்ணோடு பிணைக்கப்பட்டவை. அமெரிக்காவின் ‘எஸ்டா’, கனடாவின் ‘இடிஏ’ போன்றவற்றைப் பெற்ற பிறகு கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். எனவே முதலில் புதுப்பித்துவிட்டுப் பிறகு அனுமதி கோருவதே முறை. குழந்தைகளின் கடவுச்சீட்டு பல நாடுகளில் ஐந்தாண்டுக்கே வழங்கப்படுவதால், பெற்றோருடையது நன்றாக இருக்கும்போதே பிள்ளையுடையது தீர்ந்துபோவதும் உண்டு. குடும்பத்தில் ஒருவரை நிறுத்தினால் எல்லோரும் நின்றதாகத்தானே அர்த்தம்?

சீட்டு விற்கும் நிறுவனங்கள் பதிவின்போதே இந்த எச்சரிக்கையைத் தருவதைக் கட்டாயமாக்க அரசுகள் முன்வர வேண்டும். அதுவரை, தங்கள் நாளிதழில் சுற்றுலா விளம்பரம் கொடுப்பவர்களிடம், செல்லும் நாட்டுக்குத் தேவையான குறைந்தபட்சச் செல்லுபடிக் காலத்தையும் அது எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பதையும் விளம்பரத்திலேயே குறிப்பிடுமாறு தாங்கள் கேட்க வேண்டும் என்று வேண்டுகிறேன். இரவுகளின் எண்ணிக்கையை அச்சிடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்