ஒரே கோப்பிலிருந்து வந்த இரண்டு விடைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மண்டையோட்டின் வலுவைக் கணினியிலும் த்ரீடி பிரிண்டரிலும் சோதிப்பது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். ஆய்வகம் ஒன்றில் மண்டையோட்டு மாதிரிகளை அச்செடுப்பதுதான் என் வேலை. அச்செடுத்த மண்டையோட்டை உடைத்துப் பார்த்தாலே மனிதத் தலை எவ்வளவு அடி தாங்கும் என்று தெரிந்துவிடும் என்கிற வரிதான் உறுத்தியது.

நான் அச்செடுத்த முதல் மண்டையோட்டின் மேல் எடையை விழவிட்டோம். கத்தியால் அறுத்த மாதிரி, அச்சு அடுக்குகளின் ஓரமாகவே பிளந்தது. எலும்பு அப்படி உடையாது. அதே மாதிரியைப் படுக்கவைத்து அச்செடுத்திருந்தால் விரிசலும் திசை மாறியிருக்கும். நிஜ மண்டையோட்டில் வெளியே ஒரு கெட்டித் தகடு, உள்ளே ஒன்று, நடுவில் டிப்ளோயி என்னும் பஞ்சு போன்ற எலும்பு. நாங்கள் பயன்படுத்தும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கைவிட அந்தத் தகடுகள் பல மடங்கு விறைப்பானவை.

இதைவிடப் பெரிய சங்கடம் நெற்றிப்பொட்டில். அங்கே எலும்பு சில மில்லிமீட்டர்தான். சி.டி. ஸ்கேன் படத்திலிருந்து எலும்பைப் பிரித்தெடுக்கும்போது மென்பொருள் அதைத் தவறவிட்டு ஓட்டை போட்டுவிடும். அச்சுக்குப் போகும் கணினிக் கோப்பில் அந்த ஓட்டையை நான்தான் கையால் அடைக்கிறேன், குத்துமதிப்பான தடிமனில். பொட்டில் அடிபட்டால் ஆபத்து என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. அந்த எலும்புக்கு உள்பக்கமாகவே ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விரிந்து அது கிழிந்தால் மண்டைக்குள் ரத்தம் தேங்கும்.

சரி, கணினிக் கணக்கு காப்பாற்றுமா? நான் அடைத்த அதே கோப்பைத்தான் சின்னச் சின்னக் கூறுகளாகப் பிரித்து அதுவும் கணக்குப் போடுகிறது. அடைப்பில் தவறு என்றால் இரண்டிலும் தவறு. இரண்டு விடையும் ஒத்துப்போனதாகப் பெருமைப்படுவது, பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிவிட்டு அவனோடு விடை சரிபார்ப்பது மாதிரி.

அச்சு மாதிரியே வேண்டாம் என்று சொல்லவில்லை. இறந்தவர்களின் மண்டையோடுகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அச்சில் ஒரே மாதிரி பத்து எடுக்கலாம். அடி விழும் இடத்தையோ ஹெல்மெட்டின் உள்பஞ்சையோ மாற்றி, எது மேல் என்று ஒப்பிட அருமையான வழி. ஆனால் நிஜத் தலை எத்தனை நியூட்டன் விசையில் உடையும் என்று சொல்ல, நிஜ எலும்பில் எடுத்த அளவு வேண்டும். அமெரிக்காவின் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கர்ட்ஜியன், லிஸ்னர் என்னும் ஆய்வாளர்கள் இறந்தவர்களின் தலைகளை வைத்துச் செய்த பழைய சோதனைகளை இன்றும் புரட்டுவது அதற்காகத்தான்.

இனி இப்படிக் கட்டுரை போடும்போது என்ன பிளாஸ்டிக், எந்தத் திசையில் அச்செடுத்தது, எந்த எலும்புச் சோதனையோடு ஒப்பிட்டது என்ற மூன்றையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
அச்சு மாதிரி தயாரிக்கும் தொழில்நுட்பர்