75 என்பது எல்லாருக்குமான கணக்கு அல்ல

ஐயா,

ஓய்வு வயதை 60-லிருந்து 65-ஆக உயர்த்தலாமா என்ற பேச்சு, 2025-இல் 13-ஆவது மலேசியத் திட்டத்தோடு சூடுபிடித்தது. உயர்த்தலாம் என்பவர்கள் பலரும் சொல்லும் காரணம், மலேசியர்களின் சராசரி ஆயுட்காலம் ஏறத்தாழ 75-ஐ எட்டிவிட்டது என்பது.

அந்த எண்ணை நான் குறைத்துப் பேசவில்லை. ஒரு நாட்டின் உடல்நலத்தை ஒரே எண்ணில் சொல்ல இதைவிட நல்லது கிடையாது. 1957-இல் மலாயாவில் ஆண்களுக்கு 56, பெண்களுக்கு 58 அளவில்தான் இருந்தது. அன்று பிறந்த 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 75 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. இன்று அது பத்துக்கும் கீழ். குழாய்த் தண்ணீர், தடுப்பூசி, கிராமத்துக் கிளினிக், வீடு தேடிப் போன தாதிகள் எல்லாரின் உழைப்பும் அதில் இருக்கிறது. நாடு சறுக்கினாலும் அந்த எண் சொல்லிவிடும். சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு, 1994-இல் ரஷ்ய ஆண்களின் ஆயுட்காலம் 58-க்கும் கீழே போனது. பணக்கார அமெரிக்காவில் 2019-இல் 78.8 ஆக இருந்தது 2021-இல் 76.4 ஆனது. இதற்குக் கோவிட் பெரிய காரணம். ஆனால் கோவிட் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, போதைப்பொருள் சாவுகளால் அங்கே ஒரு சரிவு தொடங்கியிருந்தது.

சரி, நம் கதைக்கு வருவோம். இந்த ஆண்டு ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் இறக்கிறார்களோ, அதே நிலை நீடித்தால் இன்று பிறக்கும் குழந்தை எவ்வளவு காலம் வாழும் என்று போடும் கணக்குதான் சராசரி ஆயுட்காலம். ஆகவே 50 வயதில் மாரடைப்பில் போகிறவர், 80 வயதில் போகிறவரைவிட இந்தக் கணக்கை அதிகமாகக் கீழே இழுப்பார். புள்ளிவிவரத் துறை இதை இனவாரியாகவும் வெளியிடுகிறது. மூன்று பெரிய இனங்களில் சீனர்கள் மேலே, இந்தியர்கள் கீழே. அதிலும் இந்திய ஆண்கள்தான் கடைசி. இந்த வரிசையை நம் பத்திரிகைகளில் தலைப்புச் செய்தியாக நான் பார்த்ததே இல்லை.

நான் அரசாங்க கிளினிக்கில் வேலை செய்தவள். ஜாகா (காவல்) வேலை, லாரி, இரவு ஷிஃப்ட் என்று உழைக்கும் நம் ஆண்கள் எந்த நிலையில் வந்து சேருவார்கள் என்று எனக்குத் தெரியும். காலில் புண் ஆறவில்லை என்று வருவார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் இனிப்பு நீர் (நீரிழிவு) பல வருடமாகவே இருந்திருக்கும். "அண்ணே, முன்னாலேயே வந்திருக்கலாமே" என்றால், "லீவு போட்டா சம்பளம் போயிடும்மா" என்பார்கள். கட்டணம் ஒரு ரிங்கிட்தான். அவர்களைத் தடுத்தது அந்த ஒரு ரிங்கிட் அல்ல, அன்றைய கூலி. 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த ஆய்வில் நாட்டில் பெரியவர்கள் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 31 பேர். அப்புறம் சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எந்த வேலைக்குப் போவது?

உலக சுகாதார நிறுவனத்தின் 2019 கணக்குப்படி, மலேசியர் ஒருவர் நல்ல ஆரோக்கியத்தோடு வாழும் காலம் சராசரியாக 66 ஆண்டுகள்தான். ஓய்வு வயதைப் பேசும்போது பக்கத்தில் வைக்க வேண்டிய எண் இது. 60-ஐத் தொட்டுவிட்டவர்களுக்குச் சராசரியைத் தாண்டியும் ஆயுள் இருக்கும், உண்மை. அலுவலக வேலையில் இருப்பவர்கள் 65 வரை உழைக்க விரும்பினால் உழைக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. என் கவலை, 60-ஐயே தொடாமல் போகிறவர்கள் பற்றியது.

ஆகவே 65 என்று முடிவெடுக்கும் முன், 40 வயதும் அதற்கு மேலும் ஆன குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசாங்கத்தின் பெக்கா பி40 திட்டத்தில் கிடைக்கும் இலவசப் பரிசோதனைக்குப் போக முதலாளிகள் சம்பளத்தோடு அரைநாள் விடுப்பு தர வேண்டும் என்று சட்டம் வரட்டும். நம் மக்கள் பிரதிநிதிகள் இதை நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும். தங்கள் பத்திரிகையும் அடுத்த முறை ஆயுட்காலச் செய்தி போடும்போது, 75-க்குப் பக்கத்தில் இந்திய ஆண்களுக்கான எண்ணையும் அதே பெரிய எழுத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
செந்தூல், கோலாலம்பூர்